சந்தை பார்க்கப் போன மூன்று மொட்டைகள்

விசா கிடைத்தால் வீட்டோடு மொட்டை போட்டுக்கொள்கிறோம் என்று அம்மா முருகனிடம் வேண்டிக்கொண்டது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், கிடைக்கவே கூடாது என்று நான் தனியாக வேண்டியிருப்பேன். திருத்தணியில் பிறந்தவளுக்கு மொட்டை ஒன்றும் புதிதில்லை. ஆனால் இடுப்பு வரைக்கும் முடி வளர்த்து, முதன்முதலாக விமானம் ஏறப்போகிற நாலாம் வகுப்புக்காரிக்கு அது அநியாயமாகப் பட்டது.

அம்மாவின் தங்கையான சித்தி ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் இருந்தாள். சுற்றிலும் கல்மதில் கட்டிய பழைய காலத்து ஊர். அப்படி ஓர் ஊர் இருப்பதே அந்த நாட்டில் பாதிப்பேருக்குத் தெரியாது என்று சித்தப்பா சொல்வார். கிறிஸ்துமஸ் நெருங்கினால் அங்கே சந்தை கூடும், தெருவெல்லாம் விளக்கு கட்டுவார்கள், அதைப் பார்க்கத்தான் போகிறோம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். லுங்கி வியாபாரத்துக்குப் பக்கத்து ஆர்.கே.பேட்டை போவதென்றாலே நாலு முறை யோசிக்கிற என் அப்பா, நைனா, ஒரு சந்தைக்காக ஏன் அவ்வளவு தூரம் கிளம்புகிறார் என்று நான் கேட்கவில்லை. சித்தியோடு போனில் பேசிவிட்டு அம்மா உடனே முகம் கழுவப் போவாள். நான் உள்ளே வந்தால் பேச்சு சட்டென்று சந்தைக்குத் திரும்பும்.

கிளம்புவதற்கு முதல் நாள் மலைக்குப் போய் மூன்று பேரும் மொட்டை அடித்து, சந்தனம் பூசிக்கொண்டு இறங்கினோம். எதிர்வீட்டு மாமா எங்களைப் பார்த்ததும் வாயில் கை வைத்தார்.

"இன்னாங்க இது? பாஸ்போர்ட்டு போட்டோவுல முடியோட இருக்கீங்க. இப்படிப் போய் நின்னா அங்க உள்ள உடுவானா?"

நைனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அது யாருக்கும் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து பாஸ்போர்ட்டைத் திறப்பார், கண்ணாடியைப் பார்ப்பார், மூடுவார். மறுபடியும் திறப்பார். "ஊருக்குத் திரும்பி வந்து போட்டுகினு இருக்கலாம்" என்று முணுமுணுத்தார். "அவரு பாத்துக்குவாரு" என்று சொல்லிக்கொண்டே அம்மா ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றினாள். சுற்றியதைப் பிரித்து மறுபடியும் சுற்றினாள்.

சென்னை விமான நிலையத்தில் இருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "திருப்பதியா, திருத்தணியா?" என்று கேட்டுவிட்டு முத்திரை குத்தினார். நைனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜெர்மனி போய்ச் சேரும்வரைதான் அது தாங்கியது.

அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தவர் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். ஓரமாக நிற்கச் சொன்னார். இன்னொரு அதிகாரி வந்தார். நைனா வேர்த்து விறுவிறுத்து, "டெம்பிள், ஹேர், காட்" என்று தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டி, கையால் மலை வரைந்து காட்டினார். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன். முடியும் போய், சந்தையும் போய்விட்டதே என்றுதான் அழுதேன்.

அப்போது அம்மா முன்னால் போனாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம்கூட நைனாவைப் பேசவிடுகிறவள் அவள். "மை சிஸ்டர்" என்றாள். தன் மொட்டைத்தலையைத் தொட்டுக் காட்டினாள். "சிஸ்டர் ஆல்சோ." அதற்குமேல் இங்கிலீஷ் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. அந்த அதிகாரி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு அம்மா, நைனா இருவரின் விரல்களையும் கருவியில் வைக்கச் சொல்லி, சரிபார்த்து, முத்திரை குத்தினார். அழுதால் காரியம் நடக்கும் என்று நான் தெரிந்துகொண்டேன்.

வெளியே சித்தப்பா எங்களுக்குக் கம்பளிக் குல்லாய்களோடு காத்திருந்தார். ஊர் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலமே இருட்டிவிட்டது. மதில் வாசலைத் தாண்டியதும் மரக்கடைகள், நட்சத்திர விளக்குகள், ஏதோ கொட்டையை வறுக்கிற வாசனை. வீடு சந்தைக்குப் பக்கத்திலேயே. சொல்லச் சொல்லக் கேட்காமல் சித்தி வெளியே வந்து நின்றிருந்தாள். சிவப்புக் குல்லாய்க்குக் கீழே முகம் பாதியாகியிருந்தது.

அம்மா தன் குல்லாயைக் கழற்றினாள். சித்தி அவளையே பார்த்தாள். நைனாவும் கழற்றினார்.

"பாவா, நீங்களுமா?" என்றாள் சித்தி. நானும் கழற்றினேன், குளிர் மண்டையில் ஏறியது. கடைசியில் சித்தியும் மெதுவாகத் தன் குல்லாயை எடுத்தாள். எங்களுக்காவது சந்தனம் இருந்தது. அவள் தலையில் ஒன்றுமே இல்லை, புருவம்கூட உதிர்ந்திருந்தது.

"ஜில்லுனு இருக்குது, போட்டுக்க" என்று சித்தப்பா பதறினார். அம்மா தங்கையின் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். "சித்தி, இங்கயும் முருகன் கோயில் இருக்குதா?" என்று கேட்டேன்.

நைனா சட்டென்று சந்தை விளக்குகளைக் கைகாட்டினார். சித்திதான் என் மொட்டையைத் தடவி, "ஆங், இருக்குது கண்ணு. மாசாமாசம் போய்கினுதான் இருக்கேன்" என்றாள்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனபோது, என் தலையைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளிடம் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் பக்தி அதிகம் சித்திக்குத்தான், அவளுடைய சாமி மாசாமாசம் அவளைக் கூப்பிடுகிறது என்று பெருமையாகச் சொன்னேன்.