ஜல்லிப் பாதையில் நாற்பது நிமிடம்

இதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நடந்ததற்கு மேல் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை.

என் பெயர் பானுப்ரியா. பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டி. என் கணவர் விக்னேஷ்குமார் டோக்கியோவில் வேலை பார்த்தார். 2024 ஏப்ரலில் தூக்கத்திலேயே மாரடைப்பு. பன்னிரண்டு நாள் கழித்துப் பாப்பா பிறந்தாள். மகளை அவர் பார்க்கவே இல்லை.

நவம்பரில் பாப்பாவைத் தங்கை நாகஜோதியிடம் விட்டுவிட்டு, அவர் பொருட்களை எடுத்துவரப் போனேன். அவரோடு தங்கியிருந்த ஒட்டன்சத்திரத்து மணிமாறன் உடன் இருந்தான்.

17ஆம் தேதி, ஞாயிறு. "அண்ணன் வாராவாரம் இங்கதானுங்க அக்கா வருவாரு" என்று ஜப்பான்காரர்களின் ஷிண்டோ கோயில் ஒன்றுக்குக் கூட்டிப்போனான்.

வெளியே ரயில், கூட்டம், இரைச்சல். பெரிய மரவாசலைத் தாண்டினால் காடு. என் வாட்ச்சில் மணி 3.40.

"சன்னதிக்குப் பத்து நிமிச நடைதானுங்க. நீங்க முன்னால போங்க." என்னைத் தனியே விட நினைத்துப் பின்தங்கிக்கொண்டான்.

ஜல்லி பரப்பிய பாதை. சரக்... சரக்... என் கால் சத்தம்.

கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு கால் சத்தமும் சேர்ந்துகொண்டது. என் இடப்பக்கம்.

நின்றேன்.

அது ஓர் அடி கூடுதலாக வைத்து... நின்றது.

திரும்பினேன். மணிமாறன் வெகு பின்னால். பக்கத்தில் யாருமில்லை.

நடந்தேன். சரக்... சரக்...

மரங்களில் அதுவரை கரைந்துகொண்டிருந்த காக்கைகளின் சத்தம் நின்றது.

அவர் சட்டை வாசனை...

அடுத்து நினைவிருப்பது, சன்னதி. மணி 4.20. தொண்டை வறண்டிருந்தது. முகமெல்லாம் ஈரம்.

ஒரு மாதம் கழித்துத்தான் மணிமாறன் போனில் கேட்டான்.

"அன்னிக்குக் கோயில்ல ஹெட்செட்ல யாருகூடங்க அக்கா பேசுனீங்க?"

"நான் பேசவே இல்லையே."

"பேசுனீங்க. நின்னு நின்னு, எடது பக்கம் திரும்பி. பாப்பாவுக்கு மொதப் பல்லு வந்துருக்குன்னு சொன்னப்ப நான் கிட்ட வந்துட்டேன், எனக்கே கேட்டுச்சுங்க. செத்த நேரம் சிரிச்சீங்க. அப்புறம் அழுதீங்க."

அன்று என் போன் அறையில் சார்ஜில் கிடந்தது. பல் முளைத்ததை முந்தின இரவுதான் நாகஜோதி சொல்லியிருந்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் என்ன பதில் சொன்னார் என்பதுதான், எவ்வளவு யோசித்தும், எனக்கு நினைவுக்கு வரவில்லை.