காமாலைக்கு ஊசி ஆகாது

எண்பதுகளின் நடுவில் மாரண்டஹள்ளியில் என் வீட்டுக்காரர் காய்கறி மண்டி வைத்திருந்தார். நூறு கிலோ மூட்டையைத் தனியாளாகப் புரட்டுவார். ஊசி என்றால் மட்டும் மெல்ல நழுவிவிடுவார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நான் கண்டுபிடித்த ரகசியம் அது. அவருடைய அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

ஒரு ஐப்பசி மழையில் மண்டிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வெடித்த குதிகாலோடு, செருப்பில்லாமல், நாள் முழுக்க அதில் நின்று மூட்டைகளை மேலே ஏற்றினார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது, கெண்டைக்கால் வலியில் நடக்க முடியவில்லை. அப்புறம் கண்ணும் உடம்பும் மஞ்சளாகிவிட்டன.

மாமியார் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார், உப்பில்லாத கஞ்சி வைத்தார். காமாலைக்கு ஊசி போட்டால் ஆளே போய்விடுவார் என்பது எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வது. எந்த வைத்தியத்தையும் நம்பாத என் வீட்டுக்காரர் இந்த ஒன்றை மட்டும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சிறுநீர் குறைந்துபோனது தெரிந்ததும் பயமும் சேர்ந்துகொண்டது. மறுநாள் காலை பஸ்ஸில் தருமபுரி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். மாமியாரும் வந்தார், வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே.

டாக்டரம்மா அவர் கெண்டைக்காலை அழுத்தினார். இவர் போட்ட கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"உங்க மண்டியில எலி இருக்குதுங்களா?"

"எங்களவிட அதுங்கதாங்க ஜாஸ்தி," என்றார் இவர்.

"இது எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணியில நின்னிருக்கீங்க. கிருமி கால் வெடிப்பு வழியா போயிருச்சு. ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா பென்சிலின் ஊசி போடணும், ஏழு நாளைக்கு. இன்னும் தள்ளிப்போட்டா கிட்னி கெட்டுரும்."

ஏழு நாளைக்கு எத்தனை ஊசி என்று இவர் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது. "காமாலைக்கு ஊசி ஆவாதுங்களே," என்றார் பரிதாபமாக. "அதானே!" என்றார் மாமியார்.

"போடுங்கம்மா, நான் சொல்றேன்," என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, பயம் விடவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் ஊரே என்னைத்தான் பேசும்.

முதலில் கையில் துளி மருந்து குத்திப் பார்த்தார்கள், தடிப்பு வரவில்லை. அடுத்தது முழு ஊசி. அவர் கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் இரண்டு கண்ணாடி வளையல்கள் நொறுங்கின. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். அடுத்த ஊசிக்கு அந்தக் கையில் மீதியிருந்த வளையல்களையும் கழற்றிவிட்டு வெறுங்கையை நீட்டினேன்.

"புருசன் படுத்துக் கெடக்கறான், இவ வளையலக் கழட்டறா!" என்று மாமியார் அழுதார். அவருக்காகவே ஊசி முடிந்ததும் வளையல்களை மாட்டிக்கொள்வேன், அடுத்த ஊசிக்குக் கழற்றுவேன்.

மூன்றாம் நாள், சிறுநீர் அளக்கக் கொடுத்திருந்த பாட்டில் நிறைந்தது. நர்ஸ் அதைத் தூக்கிக் காட்டியபோது பரீட்சையில் பாஸானவள் மாதிரி சிரித்தேன். இவர் இட்லி கேட்டார், உப்புப் போட்ட சட்னியோடு.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணி ஊசிக்கு நர்ஸ் வரவில்லை. பத்து நிமிஷம்தான் தாண்டியிருக்கும். மாமியார் எழுந்து வராந்தாவுக்குப் போய், "எம் பையனுக்கு ஊசி போடற நேரமாச்சுங்க, யாராச்சும் வாங்க!" என்று சத்தம் போட்டார்.

"அம்மா, சும்மா இரும்மா," என்று இவர் கெஞ்சினார். அதை அவர் காதிலேயே வாங்கவில்லை. திரும்பி வந்து என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அவனுக்குக் கையக் குடு, புடிச்சிக்கட்டும்," என்றார்.