தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை

மலை உச்சி வானிலை நிலையத்தில் பணி செய்பவருக்குக் காலையில் முதல் வேலை, ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தேடுவது. அடிவாரத்தில், அவருடைய வீட்டுத் தெருமுனையில் நிற்கும் நீலத் தொட்டி. காற்றை அளக்கவும் மழையை அளக்கவும் நிலையத்தில் கருவிகள் உண்டு. எவ்வளவு தூரம் தெரிகிறது என்று சொல்ல மட்டும் அவர் கண்தான் கருவி. தொட்டி தெரிந்தால் ரோப் கார் ஓடும். தெரியாவிட்டால் மூடுபனி என்று கீழே சொல்லி நிறுத்திவிடுவார்.

இந்தப் பருவத்தில் ரோப் கார் அடிக்கடி நின்றது. ரோப் கார் ஊழியர்கள் அவருக்கு ‘மூட்டம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே பொறுப்பாளர் அவருடைய மனைவியின் தம்பி. கீழே வெயில் கொளுத்துகிறதே என்று அவர் இழுத்தால், மேகத்தோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கே பாடம் எடுக்கிறாயா என்று இவர் வாயை அடைத்துவிடுவார்.

அன்றும் தொட்டி தெரியவில்லை. ரோப் கார் நின்றது. மாற்றுத் துணி கொடுக்கக் கிளம்பிய மனைவி, மூச்சிரைக்க நடந்தே வந்து சேர்ந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு நிறைமாதக் கர்ப்பிணி. உச்சியை ஒட்டிய குடியிருப்புக்காரி. மருத்துவரைப் பார்க்க நடந்தே இறங்கப் பார்த்தவள், முடியாமல் வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாளாம். அவளை வெளியே, ரோப் கார் ஏறும் மேடைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மனைவி உள்ளே வந்தார்.

“எதுக்குங்க வண்டிய நிறுத்தினீங்க?”

“பனி எப்படி அப்பிக் கிடக்குன்னு நீயே பாரு.”

மனைவி எட்டிப் பார்த்தார். “நம்ம தெருத் தொட்டி பளிச்சுனு தெரியுது. பக்கத்து மாடியில காயுற துணிகூடத் தெரியுது.”

கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும் என்று அவர் துண்டை எடுத்துத் துடைக்கப் போனார். கை வெளியே போயிற்று. ஜன்னல் திறந்துதான் இருந்தது.

மனைவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

“பனி விலகிடுச்சுன்னு தம்பிகிட்ட சொல்லிடுங்க. கண்ண அப்புறம் டாக்டர்கிட்ட காட்டிக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?”

உண்மையைச் சொன்னால் நாளை முதல் அந்த ஜன்னல் அவருடையதில்லை. பெஞ்சிலிருந்து முனகல் கேட்டது. போனை எடுத்தார்.

“மூட்டம் விலகிடுச்சா மாமா?” மைத்துனரின் வழக்கமான கிண்டல்.

“பனியே இல்ல மாப்ள. என் கண்ணுதான்.”

மைத்துனரின் குரலில் கிண்டல் போய்விட்டது. “அப்ப போன வாரம் நிறுத்தினது?”

“தெரியல மாப்ள. எது பனி, எது கண்ணுன்னு எனக்கே தெரியல.”

வண்டியை உடனே விடுவதாகவும், இனிமேல் வேறு ஆளைக் கேட்டுக்கொள்வதாகவும் மைத்துனர் சொன்னார். திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் சுருக்கென்று தைத்தது.

வண்டி வந்து நின்றது. மனைவி கைத்தாங்கலாக அந்தப் பெண்ணை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார்.

“நல்லவேளைண்ணே, பனி விலகிடுச்சு” என்றாள் அவள்.

“பனியே இல்லம்மா. நான்தான்...”

அவர் ஏதோ வேடிக்கை செய்கிறார் என்று நினைத்து, அந்த வலியிலும் சிரித்தாள். கதவு மூடிக்கொண்டது.

கொஞ்ச தூரம் போவதற்குள் வண்டி வெள்ளைக்குள் கரைந்துவிட்டது. அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டிக்குள் இருப்பவர்களுக்குத் தன்னை நன்றாகத் தெரியும் என்பது அப்புறம்தான் உறைத்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.