எடுத்த கண்ணில் வந்த வெளிச்சம்

போடிக்கு ரயில் வராத காலம். ஏலக்காய் பறிக்க நானும் என் வீட்டுக்காரரும் மலைக்குப் போயிருந்தோம். காய் செடியின் தூரில்தான் இருக்கும்; தலையைத் தூருக்குள் கொடுத்துத்தான் பறிக்க வேண்டும். அப்படிக் குனிந்தபோது, ஒடிந்து காய்ந்து நின்ற தண்டு ஒன்று என் இடது கண்ணில் ஏறிவிட்டது. பச்சிலைச் சாறு விட்டுப் பார்த்தோம். கண் பழுத்தது. மாட்டு வண்டியில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். "எடுக்கலேன்னா நல்ல கண்ணும் போயிரும்" என்றார் டாக்டர். எடுத்துவிட்டார்கள்.

புண் ஆறி வீட்டுக்கு வந்த பிறகுதான் அது தொடங்கியது. இல்லாத கண்ணுக்குள் மணல் விழுந்தது போல உறுத்தும். கசக்கக் கை போகும்; விரல் குழியில் போய் நிற்கும். அப்புறம் வெளிச்சம் வந்தது. கூழ் கிண்டிக்கொண்டிருப்பேன், இடப்பக்கம் நீலமாக ஏதோ நெளியும். நல்ல கண்ணை மூடினாலும் போகாது. சில வேளை அதற்குள் இலைகள் அசையும்.

மதினியிடம் சொன்னேன். வீட்டுக்காரருடைய அக்கா அவர், கெட்டவர் இல்லை. பால் மறக்கடித்த என் மகளை அவரிடம் விட்டுவிட்டுத்தான் மலைக்குப் போயிருந்தோம்.

"எடுத்த கண்ணுல எப்பிடிடி தெரியும்? மலையிலருந்து என்னத்தையோ கூட்டிட்டு வந்துட்ட" என்று என் மடியிலிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். "அந்தப் பார்வை இது மேல விழ வேணாம்."

கோடாங்கி வந்து உடுக்கடித்தார். சேவல் அறுத்தார்கள். "என்ன தெரியுது, சொல்லு" என்று அவர் அதட்டியபோது அவர் தோளுக்கு மேல் இலைகள் அசைந்தன. "எலை தெரியுது சாமி" என்றேன். மதினி பிள்ளையோடு வெளியே போய்விட்டார். அதன் பிறகு மகள் அழுது நான் எழுந்தாலே அவர் முந்திக்கொள்வார். ஒரே வீட்டில் இருந்தும் நான் பிள்ளையைத் தொடவில்லை.

ஒரு மத்தியானம் பாத்திரம் கழுவும் இடத்துக்கு வீட்டுக்காரர் வந்தார்.

"இன்னுமா தெரியுது?"

"தெரியுதுங்க. வலியும் இருக்கு."

"போயிருச்சுன்னு சொல்லிரு புள்ள. அக்கா பிள்ளையக் குடுத்துரும்."

"நெசமாவே தெரியுதே."

"எனக்குத் தெரியும். நீ சொல்லிரு."

சொன்னேன். மதினி அழுதேவிட்டார். திருநீறு பூசி, பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பக்கமே கையை நீட்டினாள். பழகக் கொஞ்ச நாளானது.

பிறகு ஒரு நாள் வலி பொறுக்க முடியாமல் குழியை அழுத்திப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். என்ன என்று வீட்டுக்காரர் கேட்டார். அவரிடம் சொல்லலாம்தானே?

"அதே வலிதாங்க."

அவர் முகம் மாறியது. "அதான் போயிருச்சுன்னு சொன்னேல்ல?"

விளையாட்டாகக் கேட்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. சொல்லச் சொன்னவரே அதை நம்பியிருந்தார். இப்போது என்னைப் பார்க்கப் பயந்தார். அவர் கை, பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை மெல்லத் தன் பக்கம் இழுத்தது.

"தலவலிங்க" என்றேன்.

"அப்பிடிச் சொல்லு." மூச்சு விட்டார். "அக்கா, சுக்கு ஒரசி வெரசா கொண்டா."

மதினி பற்றுப் போட்டுவிட்டார். நெற்றி எரிந்தது. வலி உள்ளே அப்படியே இருந்தது.

மகள் பெரியவளாவதற்குள் உறுத்தல் குறைந்து நின்றுவிட்டது. வெளிச்சம் இப்போதும் வருகிறது. நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.