பாட்டை எடுத்ததும் கேட்ட குரல்

பேராவூரணியில் நான் கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்த காலம். லீவு கிடைக்காமல் மகளின் நிக்காஹைத் தவறவிட்ட ஒருவர், துபாயிலிருந்து வந்ததும் வீடியோ கேட்டு மூன்று நாள் நடையாய் நடந்தார். நிக்காஹ் காட்சிக்குப் பின்னணியாக ஒரு பாட்டைச் சேர்த்திருந்தேன். எடிட் செய்யும்போது கம்ப்யூட்டரில் தெளிவாகக் கேட்ட சத்தம், முழு வீடியோவாக எக்ஸ்போர்ட் செய்ததும் கரகரவென்று உடைந்தது. எதையெதையோ மாற்றிப் பார்த்து எனக்கு வெறுத்தேபோனது. ஒவ்வொரு முறையும் அவர் ஹெட்போனைக் கைக்குட்டையால் துடைத்து மாட்டி, கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

"நாளைக்கு பிளைட்டு தம்பி. அந்தப் பாட்டை எடுத்துட்டுப் பாருங்க."

எடுத்தேன். பாட்டும் பேச்சும் சேர்ந்து சத்தம் அளவு மீறியதுதான் கோளாறு என்று அப்போதுதான் உறைத்தது. "எங்க அத்தா மட்டும் வரலயே" என்று மகள் அழுவது சுத்தமாகக் கேட்டது.

"இதை வெட்டிடவா?" என்றேன்.

"வேணாம், இருக்கட்டும்" என்றவர், மறுபடியும் மறுபடியும் போடச் சொன்னார். அதை எப்படித்தான் திரும்பத் திரும்பக் கேட்டாரோ, எனக்கு இன்றும் புரியவில்லை.