லினக்ஸுக்கு இடம் ஒதுக்கிய கதை

கஹவத்தை டவுனில் ஒரு ஸ்டூடியோவில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. வயது இருபத்திரண்டு, மண்டைக்கனம் அதைவிடக் கூட. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த தமிழன்தான். ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் தோட்டத்து ஆட்கள் வந்து நின்றால் என் வாயில் சிங்களம் தவிர எதுவும் வராது. அவர்கள் என்னைச் சிங்கள ஐயா என்று நினைத்து மாத்தயா என்பார்கள். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருக்கும். நாசமாய்ப் போகிற புத்தி.

அந்தப் பெண்ணிடமும் அப்படித்தான் சிங்களத்திலேயே பேசினேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். புருஷன் காய்ச்சலில் செத்து நாலு நாள் ஆகியிருந்தது. சாவு வீட்டில் பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரர்களை நிறுத்தி எங்கள் முதலாளி எடுத்த படங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. அவற்றில் ஒன்றிலிருந்து அவன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, மூடிய கண்ணைத் திறந்து, கோட்டு போட்டு, சட்டம் அடித்துத் தர வேண்டும். மாதத்துக்கு நாலு பிணத்துக்காவது நான் இப்படிக் கண் திறந்துவிடுவேன். பதினாறாம் நாள் கருமாதிக்கு வைத்துக் கும்பிட அவளிடம் வேறு படம் இல்லை. கல்யாணப் படம் கூரை ஒழுகி ஊறிப்போயிருந்தது. அடையாள அட்டைகூட எடுக்காமல் போய்ச் சேர்ந்த மனுஷன். கருமாதிக்கு முதல் நாள் வரச் சொல்லி அனுப்பினேன்.

இடையில் எனக்கு லினக்ஸ் ஆசை பிடித்தது. ஒரு கம்ப்யூட்டர் சஞ்சிகையோடு இலவசமாக வந்த சிடி. விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே இதையும் போடலாம் என்று எழுதியிருந்தது. டவுனில் எவனிடமும் இல்லாதது என்னிடம் இருக்கப்போகிறது, சும்மாவா? முதலாளி கல்யாணப் படம் எடுக்கப் போன ஒரு பகலில் சிடியைத் தள்ளினேன். ஹார்ட் டிஸ்கில் எவ்வளவு இடம் ஒதுக்குகிறாய் என்று அது கேட்டது. அண்ணன் கல்யாணம் கட்டியபோது லயத்து வீட்டின் முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையைப் பலகையால் அடைத்துத்தான் அவனைக் குடிவைத்தோம். மிச்ச எட்டுப் பேரும் ஒரே காம்பராவில் புரண்டோம். புதிதாக வருகிறவனுக்கு ஓர் ஓரம் போதாதா என்று ஒரு ஜிகாபைட் கொடுத்தேன். பாதி ஏறியதும் இடம் போதாது என்று நின்றுவிட்டது.

மறுபடி தொடங்க வேண்டுமென்றால் எதையாவது அழித்தாக வேண்டும். டிஸ்கில் முக்கால்வாசியைக் கல்யாண ஆல்பங்கள்தான் அடைத்துக்கொண்டு கிடந்தன. ஒரு கல்யாணத்தைச் சிடிகளில் ஏற்றிவிட்டு அழித்திருந்தாலே போதும். அதில் ஏதாவது கெட்டுப்போனால் மாப்பிள்ளை வீட்டார் கடைக்கு வந்து கத்துவார்கள், முதலாளி என் செவிட்டில் விடுவார். தோட்டத்துப் படங்களுக்காக வந்து கத்த ஒருவரும் இல்லை. அதனால் தோட்டத்து ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக அழித்தேன். அவளுடையதும் போனது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அவள் தோட்டத்தின் பெயரை அதில் அடித்து வைத்தவனே நான்தான். கேமரா கார்டை எப்போதோ துடைத்தாயிற்று.

அத்தனை படமும் போய்க் கிடைத்த இடம் அரை ஜிகாபைட் தேறவில்லை. லினக்ஸ் இரண்டாம் தடவையும் பாதியில் நின்றது. சிடியை உடைத்துக் குப்பையில் போட்டேன். விண்டோஸ் மட்டும் எழுந்து வந்தது.

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதலாளி காதுக்குப் போனால் வேலை போய்விடும், திரும்பவும் லயத்துக்குப் போய் உட்கார வேண்டும். எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. மிஞ்சியிருந்த பழைய அடையாள அட்டைப் படங்களைத் துழாவி, கறுத்து, கன்னம் ஒட்டி, மீசை வைத்திருந்த ஒருவனைப் பிடித்தேன். யாரோ எவரோ. கொஞ்சம் மங்கலாக்கி, கோட்டு மாட்டி, சட்டமும் அடித்து வைத்தேன்.

சொன்ன நாளில் வந்தாள். படத்தை இரண்டு கையாலும் வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது அவரு மாதிரி இல்லியே” என்று தமிழில் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்போதுதான் அவளிடம் முதல்முறையாகத் தமிழில் பேசினேன்.

“அக்கா, மூடுன கண்ணத் தொறந்தா ஆளு கொஞ்சம் மாறித்தாங்க தெரியும்.”

அவள் முகம் அப்படியே இளகிப்போனது. தம்பி நம்மாளா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நம்ம ஆள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள். கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அந்த யாரோ ஒருவனை இன்னும் ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

“பதினஞ்சு நாள்ல மூஞ்சிய மறந்துட்டேன் பாருங்க தம்பி. நானெல்லாம் ஒரு பொஞ்சாதி.”