பன்னீர்ச் செம்பு போல் ஒன்று

ஒஸ்லோவில் ஒரு வெள்ளிக் கண்காட்சியில் பேத்தி ஜெனிற்றாவோடு நிற்கிறேன். யூதர்கள் வீட்டு வழிபாட்டுச் சாமான்களாம். பூவுமில்லை, கொடியுமில்லை; எல்லாம் புதுமாதிரி, மொழுமொழுவென்று இருக்கின்றன. தொட்டுப் பார்க்கலாமாம். செய்த பெண் மேசைக்குப் பின்னால் முகம் வாடி நிற்கிறாள்.

“இது என்னத்துக்கெண்டு ஒருத்தருக்கும் விளங்காதெண்டு இவவின்ர அம்மா சொல்லிப்போட்டாவாம்,” என்கிறாள் ஜெனிற்றா, மேசையில் ஒன்றைக் காட்டி. “வந்த ஆக்களும் உப்புப் போத்தலோ எண்டு கேக்கினமாம்.”

எனக்கு எந்த மொழியும் வாசிக்கத் தெரியாது. ஆனால் நீண்ட கழுத்து, உச்சியில் ஓட்டைகள்; இதைத் தெரியாதா? என் கல்யாணத்தில் மச்சாள் தெளித்த பன்னீர் கண்ணுக்குள் போய், அழுதபடிதான் தாலி ஏறியது.

“பன்னீர்ச் செம்பெல்லே,” என்று தூக்கி, அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் ஓர் உதறு உதறுகிறேன். மூடி கழன்று அவள் தலையெல்லாம் கிராம்பு கொட்டுகிறது.

“ஐயோ அம்மம்மா!”

அந்தப் பெண்ணோ சிரிக்கிறாள். ஜெனிற்றா பன்னீர்ச் செம்பைப் பற்றி விளக்க, அவள் ஏதோ கேட்கிறாள்.

“யூதரின்ர ஓய்வுநாள் முடியேக்கை உள்ளுக்கை இருக்கிற கிராம்பை வீட்டில எல்லாரும் மணந்து பாக்கிறதாம். வாசத்துக்கெண்டு எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறா.”

“கண்டாத் தெரியாதோ? தாயிட்டை இப்பவே சொல்லச் சொல்லு பிள்ளை.”

தலையில் கிராம்போடு அவள் அம்மாவுக்குப் போன் எடுக்கிறாள்.